நான் படிக்காமல் தாண்டிய பக்கம்

ஊருக்கெல்லாம் மாஸ்டர் ஆனபிறகும் எனக்கு மட்டும் அண்ணனாகவே இருந்த ராஜேந்திரனுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கமாட்டேன். கேட்டால் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவாயா? உயிரோடு இருந்தபோதே சொல்லவில்லை. கால் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல், பழைய லுங்கித் துணியைச் சுற்றிக்கொண்டு நடந்தபோதுகூட, "ஒண்ணுமில்ல தேசம்மா, சும்மா கெளுத்தி முள்ளு" என்றுதான் சொன்னாய்.

வரும் ஐப்பசியோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. உன் வகுப்பு ஆட்கள் உனக்குக் கல் வைக்கிறார்கள். சவுக்குத் தோப்புக்குப் பக்கத்தில், நீ இருபது வருடம் குங்ஃபூ வகுப்பு நடத்திய அதே மணல் திட்டில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கறுப்புக் கல். மேலே உன் உருவம், முழங்காலை மடக்கிக் குதிரை நிலையில் நிற்கிற மாதிரி. செதுக்குகிறவருக்கு நீ யாரென்று தெரியாது, அதனால் மூக்கு வேறு யாருடையதோபோல வந்திருக்கிறது. உன் தொப்பையையும் காணோம்.

உருவத்துக்குக் கீழே நாலு வரி. செதுக்குவதற்கு முன்னால் அதை என்னிடம் காட்டிச் சரிபார்க்க நாலு பேர் வந்தார்கள். "டீச்சர்க்கா, நீங்க ஒரு தபா பார்த்துட்டா எங்களுக்கு நிம்மதி" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். காஞ்சியில் பிறந்த துறவி நம் கரையில் கப்பலேறிச் சீனம் போனார். அங்கே அவர் கொடுத்த கலைதான் குங்ஃபூ. அதை மீண்டும் நம் கரைக்குக் கொண்டுவந்தவர் ராஜேந்திரன் மாஸ்டர். கடைசி வரி பெரிய எழுத்தில், 'மூச்சே மருந்து.'

காகிதத்தை இரண்டு முறை படித்தேன், அண்ணா. நாலு வரியில் மூன்று என் கையால் எழுதியவை. மூன்றுமே பொய்.

உனக்கு அந்தப் புத்தகம் ஞாபகம் இருக்கும். போட்டிக்கென்று ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்தாய். அண்ணி தன் கையால் தைத்த கறுப்பு உடை, இடுப்பில் மஞ்சள் பட்டி. மேடை ஓரத்தில் எவனோ ஒருவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இன்னாப்பா, குங்ஃபூ மீன் கவுச்சி அடிக்குது" என்றானாம். கூடியிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். நீ கை ஓங்கவில்லை. அடிக்கத் தெரிந்தவன் அடிக்கக்கூடாது என்று உனக்கொரு கொள்கை. அதற்குப் பதிலாகத் திரும்பி வரும்போது சென்ட்ரல் பக்கம் ஒரு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்தாய். சீனத்துச் சண்டைக் கலைகளின் வரலாறு. எட்டாவதோடு படிப்பை விட்டுப் பழவேற்காட்டு ஏரியில் மீன் பிடிக்க இறங்கிய உனக்கு அதில் ஒரு வரி படிக்கத் தெரியாது.

"தேசம், இதுல நம்மளப் பத்தி இன்னா போட்டுகீறான்னு பார்த்துச் சொல்லு" என்றாய்.

நான் அப்போதுதான் திருப்பாலைவனத்துப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். வீட்டிலேயே முதல் டிகிரி. உனக்கு என் இங்கிலீஷ் மேல் என்னைவிட நம்பிக்கை. நைனா போனபிறகு நீ வலை இழுத்துத்தான் நான் படித்தேன். நீ கேட்டால் சந்திரனில் பேசுகிற மொழியைக்கூட மொழிபெயர்த்துச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் உட்கார்ந்தோம். நீ எதிரே வலையைப் பிரித்து ஓட்டை தைத்துக்கொண்டிருப்பாய். நான் ஒரு பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்லி, இருநூறு பக்க நோட்டில் எழுதிக்கொண்டே வருவேன். ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. மலைமேல் ஒரு மடம். அங்கிருந்த துறவிகள் ஓர் இளவரசனுக்குச் சண்டையில் உதவினார்கள். அவன் பேரரசன் ஆனதும் நன்றி சொல்லிக் கல்வெட்டு வைத்தான். நீ ஊசியை நிறுத்திவிட்டு, "சாமியாருங்க சண்டை போட்டாங்களா!" என்று வாய் பிளந்தாய். கல்வெட்டில் கைச்சண்டை பற்றி ஒன்றும் இல்லை என்று அடுத்த வரியில் இருந்தது. அதையும் சொன்னேன். அதுவரைக்கும் நான் நேர்மையாகத்தான் இருந்தேன்.

பிறகு அந்தக் காஞ்சித் துறவி வந்தார். ராயபுரத்தில் உனக்குக் குங்ஃபூ சொல்லிக்கொடுத்தவர் அவரைப் பற்றி அரைகுறையாக ஏதோ சொல்லிவைத்திருந்ததால் அந்தப் பெயர் வந்ததும் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய். நான் அந்தப் பக்கத்தை மனசுக்குள் படித்தேன். பிறகு இன்னொரு முறை படித்தேன். தெற்கிலிருந்து ஒரு துறவி போனார் என்பது பழைய கதை. ஆனால் அவர் சண்டை சொல்லிக்கொடுத்தார் என்று பழைய ஏடு எதிலும் இல்லை. அவர் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் கழித்து யாரோ ஓர் உடற்பயிற்சி நூலை எழுதி, அதற்குப் பழைய காலத்துத் தளபதி பேரில் ஒரு போலி முன்னுரையும் ஒட்டி, இது அந்தத் துறவி விட்டுப்போனது என்று சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து பிறந்த கதை அது. சீனத்திலேயே ஒருத்தர் கிளம்பிப் போய் ஏடுகளையெல்லாம் தோண்டிப் பார்த்து, இது கட்டுக்கதை என்று எழுதினார். அதற்காகச் சண்டைக்காரர்கள் அவரை அடிக்கப் பார்த்தார்களாம்.

"இன்னா தேசம், இன்னா போட்டுகீறான்?"

நிமிர்ந்து உன் முகத்தைப் பார்த்தேன். சென்னையில் சிரித்த சிரிப்பெல்லாம் இன்னும் அந்த முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் படிக்க முடியவில்லை.

"நம்ம ஆளுதான் போயி சொல்லிக்கொடுத்தாருனு போட்டிருக்கு" என்றேன்.

"எந்தக் கரையிலருந்து போனாராம்?"

"கிழக்குக் கரைன்னு போட்டிருக்கு."

"கிழக்குக் கரைன்னா நம்மதானே! பழவேற்காட்டுக்கு அந்தக் காலத்துலயே கப்பல் வந்துச்சே!"

"ஆமா" என்றேன். வேறு என்ன சொல்ல? அந்த ஒரு 'ஆமா'தான் இப்போது கல்லில் ஏறப்போகிறது.

அதோடு விட்டேனா? "அவரு அங்க இன்னாதான் சொல்லிக்கொடுத்தாரு?" என்று நீ கேட்டாய். ஓடு உடைத்ததில் உன் வலக்கை முட்டி கிழிந்து சீழ் வைத்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, "மூச்சு சொல்லிக்கொடுத்தாராம். மூச்சு சரியா இருந்தா புண்ணெல்லாம் தானா ஆறிடுமாம். மூச்சே மருந்துனு சொன்னாராம்" என்றேன். அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் எங்கேயும் கிடையாது. என் வாயில் அந்த நிமிடம் முளைத்தது. நீ எழுதச் சொல்ல, அதை நோட்டிலும் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். டீச்சர் அல்லவா, கோடு போடாமல் இருக்க முடியுமா?

உன் கை ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. அப்போது உனக்கு வயதும் குறைவு, சர்க்கரையும் கிடையாது. நீயோ மூச்சால்தான் ஆறியது என்று ஊர் முழுக்கச் சொன்னாய். எனக்கு அதற்குமேல் படிக்கப் பயம். மிச்சப் பக்கங்களில் என்னென்ன இருக்குமோ! "மீதியெல்லாம் சும்மா பேருங்கதாண்ணா" என்று சொல்லிப் புத்தகத்தை மூடி என் டிரங்குப் பெட்டிக்குள் போட்டேன். நோட்டு உன்னோடு போயிற்று.

அந்த நோட்டைப் போல ஒன்றை இந்தக் கரையில் யாரும் பாதுகாத்திருக்க மாட்டார்கள். ஜெராக்ஸ் எடுத்தார்கள், லேமினேட் செய்தார்கள். தோணிரேவிலிருந்து வந்தவர்களுக்கும் நம் குப்பத்துக்காரர்களுக்கும் ஏரியில் ஆயிரம் தகராறு உண்டு. நீ இரண்டு பக்கத்து ஆளையும் ஒரே வரிசையில் நிறுத்தினாய், அது உன்னால் மட்டும்தான் முடிந்தது. ஆனால் அந்த வரிசை வகுப்புக்கு முன்னால் ஒப்பித்தது என் பொய்யை. உன் சான்றிதழைக் காட்டிக் காட்டுப்பள்ளிப் பக்கம் செக்யூரிட்டி வேலைக்குப் போனவர்கள் உண்டு. இன்றைக்கும் நாற்காலியில் உட்கார்ந்து கேட் திறக்கிறார்கள், அவர்கள் செல்போனிலும் அந்த ஜெராக்ஸ் படமாக இருக்கிறது.

ஒருமுறை யூடியூப்காரன் ஒருவன் பறவைகளைப் படம் பிடிக்க வந்தவன் உன்னையும் பிடித்தான். "எங்க தங்கச்சி இங்கிலீஷ் புஸ்தகத்துல படிச்சுச் சொன்னது சார் இது. சும்மா இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாய். நான் பின்னால்தான் நின்றிருந்தேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அதற்கு முன்னாலும் எத்தனையோ நாள் சொல்லியிருக்கலாம்.

இனி சொல்லப்போவது உனக்கே தெரிந்த கதை. ஆனால் இந்தக் கடிதம் நாளைக்கு வெளியாள் யார் கையிலாவது கிடைத்தால் அவர்களுக்குத் தெரியாதே.

நம் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் வலை கட்டலாம் என்று குடும்பத் தலைவர்கள் பேரில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிற முறை. மழை தொடங்கி இறால் கடலுக்கு ஓடுகிற நேரத்தில் முகத்துவாரத்துப் பாடு விழுந்தால் அதிர்ஷ்டம். போன வருடம் உனக்கு அது விழுந்தது. கழி ஊன்றும்போது இடது கால் விரலிடுக்கில் கெளுத்தி முள் ஏறியது. நாலு வருடமாகச் சர்க்கரை, மாத்திரை ஞாபகம் வந்தால் உண்டு. உன் சுற்று முடியும்வரை அந்தக் காலோடு உப்புத் தண்ணீரில் நின்றாய். அது முடிந்தும் மணல் திட்டில் வெறுங்காலோடு குதிரை நிலையில் நின்றாய்.

நான் வந்து, "வாண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றேன். நீ உள்ளே போய் நோட்டை எடுத்துவந்து, கோடு போட்ட பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தாய்.

"இது நீ எழுதினதுதானே?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டே கேட்டாய்.

என் கையெழுத்து என்னையே பார்த்தது. "அது அந்தக் காலம்ண்ணா" என்று முனகினேன். பொய் என்று சொல்லவில்லை. இருபது வருடம் கழித்து எந்த வாயால் சொல்வது என்று நினைத்தேன். அந்த நேரத்திலும் எனக்கு என் மானம்தான் பெரிதாக இருந்தது, அண்ணா. உன் கால் பெரிதாகத் தெரியவில்லை.

ஒன்பதாவது நாள் உன்னைச் சென்னைக்குத் தூக்கிப்போனோம். கணுக்கால்வரை கறுத்துவிட்டது. டாக்டர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "படிச்சவங்கதானே நீங்க, இவ்வளவு நாள் இன்னாம்மா பண்ணீங்க?" என்றார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார். மூன்றாம் நாள் நீயே போய்விட்டாய்.

அண்ணி உன் படத்துக்குத் தினமும் பூ வைக்கிறாள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஊரில் எல்லோரும் அவரவர் வீட்டுப் படத்தோடு ஏதாவது பேசுவார்கள், இவள் பூவை வைத்துவிட்டுத் திரும்பி நடந்துவிடுவாள்.

கல்லுக்கு வரி காட்ட நாலு பேர் வந்தார்கள் என்று சொன்னேனே, மூன்று பேர் உட்கார்ந்தார்கள். தனசேகர் மட்டும் உட்காரவில்லை. உன் முதல் வரிசை ஆள். உனக்கு அப்புறம் வகுப்பை எடுப்பவனும் அவன்தான். நாற்பதை நெருங்குகிறான், அவனுக்கும் இரண்டு வருடமாகச் சர்க்கரை. வாசற்படியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலில் பாரம் போட்டு நின்றான். இன்னொரு காலில் துணி.

"இன்னா தனசேகர் காலு?" என்றேன்.

"ஒண்ணுமில்லக்கா. சும்மா கெளுத்தி முள்ளு."

அவர்கள் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். புத்தகம் பூச்சி அரித்திருந்தது, ஆனால் எழுத்து போகவில்லை. நான் தாண்டிய பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழாமல் படித்தேன். மறுநாள் பள்ளி விட்டதும் பஸ் ஏறி நேராக அவன் வீட்டுக்குப் போனேன்.

கட்டிலில் படுத்திருந்தான். வீங்கிய காலை ஒரு செங்கல்மேல் தூக்கி வைத்து, கண்ணை மூடி மூச்சை எண்ணிக்கொண்டிருந்தான். அறை முழுக்க அந்த வாடை. எனக்கு அது தெரிந்த வாடை. அவன் பெண்டாட்டி கன்னியம்மா என்னைப் பார்த்ததும் பொரிந்து தள்ளினாள்.

"நீங்களே கேளுங்க டீச்சர்க்கா. ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தா அந்த நோட்டு ஜெராக்ஸை எடுத்து மூஞ்சில நீட்டுறாரு. என் பேச்சு இந்த வூட்ல எடுபடலக்கா."

"வெள்ளிக்கெழமை என் பாடுக்கா" என்றான் தனசேகர். "ரெண்டு வருசம் கழிச்சு முகத்துவாரம் விழுந்துகீது. விட்டா திரும்ப எப்ப விழுமோ. அது முடிஞ்சதும் போயிடுறேன்."

"அதுவரைக்கும்?"

"மூச்சு இருக்குதுல்லக்கா."

நான் புத்தகத்தை எடுத்தேன். கவிழ்த்துப் போட்டிருந்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை ஆங்கிலத்தில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். போலி முன்னுரை, ஆயிரம் வருடம், ஏடு தோண்டிய ஆள், எல்லாம். அவன் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் எழுந்து உட்கார்ந்தான்.

"அப்போ மாஸ்டர் பொய் சொன்னாராக்கா?"

"உங்க மாஸ்டருக்கு இங்கிலீஷ் தெரியாது தனசேகர். பொய் சொன்னது நான்."

"மூச்சே மருந்துன்றது?"

"அதுவும் நான்தான். அன்னிக்கு அவரு மூஞ்சியைப் பார்க்க முடியல. அதான் எழுதிட்டேன்."

அவன் தன் காலையே குனிந்து பார்த்தான். கன்னியம்மாதான் பேசினாள். சுவரோரம் நின்றவள் கேட்டாள், "அப்போ மாஸ்டரை நீங்கதான் சாவடிச்சீங்களா?"

யாராவது ஒருவர் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருந்த கேள்வி அது. கேட்டதும் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கேட்டவள் முன்னால் உட்கார்ந்திருக்கக் கூசியது. ஆனாலும் எழுந்து போகவில்லை. போனால் அவன் மறுபடி கண்ணை மூடி எண்ண ஆரம்பித்துவிடுவான் என்று பயந்து, அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

சீனத்தில் நூறு வருடத்துக்கும் முன்னால் ஒரு கூட்டம் கிளம்பியது. பட்டினியில் கிடந்த கிராமத்து ஆட்கள். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் மண்ணில் ஏறி மிதிப்பதைப் பொறுக்கமுடியாமல் கிளம்பியவர்கள். குறிப்பிட்ட பயிற்சி செய்து, மூச்சை அடக்கி, மந்திரம் சொன்னால் துப்பாக்கிக் குண்டு உடம்பில் ஏறாது என்று யாரோ ஒருவன் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவர்கள் நம்பித் துப்பாக்கிக்கு முன்னால் நடந்தார்கள். குண்டுக்கு அந்த மந்திரம் தெரியவில்லை. அதைப் படித்தபோது எனக்கு அந்தச் சொல்லிக்கொடுத்தவன்மேல்தான் கோபம் வந்தது. அவனும் யாரோ ஒரு அண்ணனின் வாடிய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருப்பானோ என்னவோ.

"பாடு போயிடும்க்கா" என்றான் தனசேகர் மெல்ல. மூச்சைப் பற்றிப் பிறகு அவன் பேசவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவனுக்குப் பெரிய கவலை வெள்ளிக்கிழமைதான். மூச்சு அதற்குப் போர்த்திய துணி.

கன்னியம்மா என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு பாட்டுக்குச் சீட்டுப் போடுகிற ஊர்ப் பெரியவர் வீட்டுக்குப் போனாள். அவர் வலைக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் நிமிர்ந்தார்.

"அதுக்கு இன்னா? உடம்பு முடியலன்னா சீட்டை வேற ஒருத்தன்கூட மாத்திக்கிறதுதானே. இவன் நாளு அவனுக்கு, அவன் நாளு இவனுக்கு. எங்க அப்பன் காலத்துலருந்து நடக்குறதுதான். ஒரு வார்த்தை வந்து கேக்கணும், அவ்ளோதான்."

"எங்க அண்ணனுக்கும் மாத்தியிருப்பீங்களா?" என்று கேட்டேன்.

"மாத்தாம? அவன் கேக்கலியேம்மா. மாஸ்டராச்சே, யாரையும் கேக்கமாட்டானே."

அண்ணா, நீ கேட்கவில்லை! எழுந்து நாலு தெரு நடந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். பத்து ஓடு உடைக்கிற கைக்கு இன்னொருவன் கதவைத் தட்டத் தெரியாதா? மாஸ்டர் காலில் முள் ஏறிவிட்டது, மாஸ்டருக்கு முடியவில்லை என்று ஊர் சொன்னால் உனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு உன்மேல் வந்த ஆத்திரத்தில் அந்தப் பெரியவர் வாசலிலேயே நின்று அழுதேன். அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.

தனசேகரின் வெள்ளிக்கிழமையை உன் கடைசி வரிசை ஆள் ஒருவன் எடுத்துக்கொண்டான். அன்றைக்கே இருட்டுவதற்குள் தனசேகரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இரண்டு விரல் போயிற்று. கால் இருக்கிறது. வீடு திரும்பிக் குதிகாலை ஊன்றி நடக்கிறான். குதிரை நிலை இனிமேல் அவனுக்கு வராது.

மற்ற மூன்று பேரும் என்னோடு பேசுவதில்லை. தனசேகர் நான் சொன்னதை அவர்களிடம் சொல்லிவிட்டான். "மாஸ்டர் பேரை நாறடிக்கிறீங்களா? வரலாறு எங்களுக்கு வேணாம்க்கா, மாஸ்டர் போதும்" என்று ஒருவன் என் வீட்டு வாசலிலேயே கத்தினான். கல்லில் நாலு வரியும் அப்படியேதான் இருக்குமாம். நினைவு நாளுக்கு நான் வரவேண்டாமாம். வாட்ஸப் குழுவிலிருந்தும் தூக்கிவிட்டார்கள். ஏடு தோண்டிய அந்தச் சீனக்காரரை நான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவராவது உண்மையை முதலிலேயே சொன்னார். நான் பொய்யை விதைத்து, அது மரமானபிறகு வெட்ட வந்தவள். அவர்கள் கத்தியதில் தப்பு ஒன்றும் இல்லை.

அண்ணியிடமும் சொன்னேன். மீன் அரிந்துகொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை அரிவாள்மனையை விட்டுத் தலை தூக்கவில்லை. பிறகு சொன்னாள்:

"அவருக்குத் தெரியும் தேசம்."

எனக்குப் புரியவில்லை.

"அந்த யூடியூப் வந்துச்சே, அதுக்கு அப்பால ஒரு நாளு நீ ஸ்கூலுக்குப் போயிருந்தப்ப உன் பொட்டியிலருந்து அந்தப் புஸ்தகத்தை எடுத்துகினு ராயபுரம் போனாரு. அங்க யாருகிட்டயோ குடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். வந்து ஒரு நாள் முழுக்கப் பேசல. அப்பால, 'தேசம் எனக்கோசரம் எழுதிகீது, வுடு, அது மனசு நோவும், கேட்டுக்காத'ன்னாரு. புஸ்தகத்தை இருந்த எடத்துலயே வெச்சுட்டாரு."

இது உண்மையா, அண்ணா?

உண்மையானால், அன்றைக்கு நோட்டை விரித்து என் முன்னால் வைத்து, "இது நீ எழுதினதுதானே?" என்று கேட்டாயே, அது எதற்கு? நான் என் வாயால் இல்லை என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? சொல்லியிருந்தால் வந்திருப்பாயா? என் மனசு நோகக்கூடாது என்று இத்தனை வருடம் என் பொய்யை மூடிக் காத்தவன், அதே பொய்யை உன் பிடிவாதத்துக்குப் போர்வையாகவும் போட்டுக்கொண்டாயா? உன் முகம் வாடக்கூடாது என்று நான் பொய் சொன்னேன், என் முகம் வாடக்கூடாது என்று நீ நம்பினதுபோல் இருந்தாய். நடுவில் ஒரு கால் அழுகிக்கொண்டிருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏன் உன் படத்தோடு பேசுவதில்லை என்று இப்போதுதான் தெரிகிறது. அவள் என்னோடும் பேசாமல் இருந்திருக்கலாம்.

உனக்குச் சொல்லவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. "நம்மளப் பத்தி இன்னா போட்டுகீறான்" என்று கேட்டாயே, போட்டிருக்கிறான். நான் பயந்து மூடிய இடத்திலிருந்து சில பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறான்.

நானூறு வருடத்துக்கும் முன்னால் சீனக் கரையோரத்துக் கிராமங்களைக் கொள்ளைக் கப்பல்கள் சூறையாடின. அதைத் தடுக்க ஒரு தளபதி உழவர்களையும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களையும் சேர்த்தார். தனியாளாக வாள் சுழற்றுகிற வீரனை அவர் தேடவில்லை. கைச்சண்டை உடம்பை வளைக்கப் பழக்கும், பெரிய சண்டைக்கு உதவாது என்று எழுதியும் வைத்தார். அவர் அவர்கள் கையில் கொடுத்தது கிளை வெட்டாத நீள மூங்கில். நாம் ஏரியில் ஊன்றுகிற கழி மாதிரிதான், ஆனால் கிளை கழிக்காதது. பத்துப் பன்னிரண்டு பேராக நிறுத்தினார். ஒருவன் கேடயம், ஒருவன் மூங்கில், ஒருவன் ஈட்டி. ஒருவனை அடுத்தவன் மறைத்து நிற்பான். அப்படி நின்றே அந்த உழவர்கள் கொள்ளைக்காரர்களை விரட்டினார்கள். யாரும் தனியாக நிற்கக்கூடாது என்பதுதான் அதில் பாடம்.

அது நம் ஆட்கள் இல்லை, எனக்குத் தெரியும். மறுபடி ஒரு பொய்யை ஆரம்பிக்கமாட்டேன். ஆனால் அதைக் கேட்டிருந்தால் உனக்குப் பிடித்திருக்கும். மீன் கவுச்சி அடிக்கிறது என்று சொன்னவனுக்குப் பதில் அதில் இருந்தது. ஒருவன் நாளை இன்னொருவன் எடுத்துக்கொள்ளலாம் என்கிற நம் பாடு முறையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பாய். பெரியவர் வீட்டுக்கு நடந்துகூட இருப்பாய். யாருக்குத் தெரியும்?

நோட்டில் இன்னும் அறுபது பக்கம்போல வெள்ளையாகக் கிடக்கிறது. அண்ணியிடம் கேட்டு வாங்கிவந்துவிட்டேன். கோடு போட்ட அந்த வரியை அடித்துவிட்டு, அடுத்த பக்கத்திலிருந்து புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுத ஆரம்பித்திருக்கிறேன். அதே கையெழுத்து, கொஞ்சம் நடுங்குகிறது. நினைவு நாளுக்குப் போவேன். கூப்பிடாவிட்டாலும் போவேன், கத்தினாலும் போவேன். கல்லுக்கு முன்னால் நின்று எந்தப் பக்கத்தையும் தாண்டாமல் படிப்பேன். முதல் வரியில் என் பேரைச் சொல்லி, பொய் யாருடையது என்று சொல்லிவிட்டுத்தான் சீனத்துக் கதைக்குப் போவேன்.

தனசேகர் வருவதாகச் சொல்லியிருக்கிறான். "எட்டு விரலு மிச்சம் கீதுக்கா, பக்கத்துல வந்து நிக்கிறேன்" என்றான்.

உனக்கு உண்மையைச் சொல்லாமல் விட்ட, இனி யாருக்கும் அப்படி விடாத
உன் தங்கச்சி,
தேசம்மா